ஏழு மணி முதல் ஏழரை வரை

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை நானாக விரும்பி வாங்கவில்லை. கம்பெனியில் நேற்றும் இன்றும் நேர நிர்வாகப் பயிற்சி. ஏப்ரலில் மூன்று பம்பு வரைபடங்களைத் தாமதமாகக் கொடுத்தேன் என்று மேலாளர் என் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். முப்பது வருடமாக வரைபடம் போடுகிறவன், கல்லூரி முடித்து வந்த பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி நடத்திய பெண்ணுக்கு என் மகள் பிருந்தாவின் வயதுதான் இருக்கும். எழுந்தது முதல் படுப்பது வரை எந்த நேரம் எதில் போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பார்க்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் துளசி சிரித்தாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியை. ஒவ்வொரு மே மாதமும் முப்பத்தெட்டு ஆசிரியர்களுக்குப் பீரியடு பிரித்து, சாப்பாட்டு மேஜை அளவுக்குக் கால அட்டவணை போடுகிறவள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடமாக என் சாவி, கண்ணாடி, பஸ் நேரம் எல்லாம் அவள் பொறுப்பு.

இந்த மே மாதம் அட்டவணையை வேறு யாரோ போட்டார்கள். துளசி மருத்துவ விடுப்பில் இருக்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

காலை 5.50 எழுந்தேன். 6.00–6.40 பேப்பர். 6.40–7.00 கண்ணாடி தேடினேன். 7.00–7.20 துளசிக்கு இட்லியை மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். 8.10 பஸ் போய்விட்டது.

டாக்டர் சொன்னதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் வகுப்பில் துளசிக்கு 'ழ' வராமல் போனது. பிள்ளைகள் சிரித்ததாக வந்து சொன்னாள். பல் டாக்டர், காது மூக்கு டாக்டர் என்று அலைந்து, மார்ச் கடைசியில் நரம்பு டாக்டர் கண்டுபிடித்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய். அவளுக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. பிறகு கை, கால், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. ஒரு வருடமோ, இரண்டோ.

எழுதியாயிற்று. நாளைக்கு மூன்று சட்டை இஸ்திரி போட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு வாரக் கணக்கைத் துளசி வாங்கிப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து, பாதிக்கு மேல் பொய் என்று வட்டம் போட்டாள். நான் மாடிக்குப் போய்ச் சும்மா நின்ற நேரத்தை எல்லாம் 'செடிக்குத் தண்ணீர்' என்று எழுதியிருந்தேன். எங்கள் மாடியில் இருப்பது இரண்டே தொட்டி.

சாயங்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து புது அட்டவணை போட்டோம். காலை 4.45-க்கு எழுவது. மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமையே ஏழு டப்பாவில் பிரித்து வைப்பது. காய் முந்தின நாளே நறுக்குவது. எட்டு மணிக்குப் பக்கத்துத் தெரு ராஜாமணி அக்கா வந்து துளசியைப் பார்த்துக்கொள்வார், நான் ஐந்தரைக்குத் திரும்புவேன். மாலை ஏழிலிருந்து ஏழரை வரை இருந்த கட்டத்தில் துளசி எதுவும் எழுதவில்லை. அதற்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"சித்த நேரம் நீங்களும் நானும் உக்காந்து பேசோணும்ங்க. வாய் இருக்கறப்பவே."

கடைசி இரண்டு சொல் குழறியது. அதனால் சரியாகக் கேட்காதது போல இருந்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் 'பேச்சு' என்று எழுதினேன்.

ஜூன் 11, புதன்

4.45 எழுந்தேன். 8.10 பஸ் கிடைத்தது. 7.00–7.30: மிக்ஸி ஜார் கசிந்தது, வாஷர் மாற்றினேன்.

ஜூன் 12, வியாழன்

7.00–7.30: துளசிக்குக் கழுத்துப் பயிற்சி. பேசிக்கொண்டே செய்யலாம் என்று நினைத்தேன். பயிற்சியில் பேசக் கூடாதாம்.

ஜூன் 27, வெள்ளி

செய்யாமல் விட்டதை அடுத்த நாள் பட்டியலின் முதல் வரியில் எழுத வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி. அப்படியே செய்கிறேன். மூன்று வாரமாக நிலுவை குறைந்துகொண்டே வருகிறது. கேஸ் பதிவு, குளியலறைக் கைப்பிடி, அவள் விடுப்பு விண்ணப்பம் எல்லாம் முடிந்தது. 'துளசியுடன் பேச்சு' என்ற ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது.

என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்கும் கட்டம் வந்தால் தொண்டையில் துளை போட்டு இயந்திரம் வைக்கலாமா வேண்டாமா என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடச் சொல்லி டாக்டர் அனுப்பினார். அதற்கு இப்போது என்ன அவசரம்?

ஜூலை 8, செவ்வாய்

குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவரோடு கம்பி பொருத்தினேன். அளவெடுத்து வரைந்து நானே செய்தேன். நல்ல வேலை. இரண்டு மணி நேரம் என்று போட்டதில் ஒன்றேமுக்கால் மணியில் முடிந்தது.

துளசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "உக்காருங்களேன்" என்றாள். கையெல்லாம் சிமெண்டு என்று காட்டினேன். கழுவிவிட்டு வந்தபோது ஏழரை ஆகியிருந்தது. மாவு அரைக்கும் நேரம்.

ஜூலை 19, சனி

பிருந்தா புனேயிலிருந்து வந்திருக்கிறாள். பத்து நாள் இருப்பாள். அம்மாவும் மகளும் நாளெல்லாம் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். துளசியின் பேச்சு எனக்கு இப்போது பாதிதான் புரிகிறது. பிருந்தாவுக்கு எப்படி முழுதும் புரிகிறது என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்று டாக்டரிடம் போகும் நாள். புது மாடலின் வரைபடத்தை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் பிருந்தாவே கூட்டிக்கொண்டு போனாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். மருந்து அதேதான் என்றாள். வேறு எதுவும் கேட்டாரா என்றேன். அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

வரைபடம் 11.40-க்கே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

பிருந்தா ஊருக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் வண்டி ஏறும்போது சொன்னாள்.

"உங்க நோட்ட நான் பாத்தேன்ப்பா. அம்மாகூடப் பேசறதுன்னு நாப்பது நாளா எழுதி வெச்சிருக்கீங்க."

வேலை அப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"வேலைய நான் கொற சொல்லலீங்ப்பா. அம்மாவ அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. ஆனா ஏழு மணியானா அம்மா கடிகாரத்தப் பாக்கறாங்க. நீங்க சமையல்கட்டுக்குப் போயிர்றீங்க."

வண்டி நகர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் இளநீர் வாங்க மறந்துவிட்டேன். பட்டியலில் இருந்தும் மறந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

7.00. கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். துளசி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். 7.06-க்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. மோட்டார் போடப் போனேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாதக் கூட்டத்தில் மேலாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் ஒரு வரைபடம்கூடத் தாமதமில்லை, வீட்டில் இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் இவர் நேரத்தைக் கையாளுவதைப் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொன்னார். கைதட்டினார்கள். எல்லாம் என் மனைவி போட்டுக் கொடுத்த அட்டவணை என்று சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். துளசி சந்தோஷப்பட்டாள். பிறகு நீளமாக ஒன்று சொன்னாள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவையும் புரியவில்லை. நான்காவது தடவை கேட்க எனக்கு வாய் வராமல், "ஆமாமா, சரி" என்று தலையாட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

துளசிக்கு ராகிக் கஞ்சி புரையேறி மூச்சு நின்றுவிட்டது. நான் அப்போது கம்பெனியில். ராஜாமணி அக்கா முதுகில் தட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இனி வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நாளை வயிற்றில் குழாய் வைக்கிறார்கள்.

செப்டம்பர் 17, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஆறு தடவை குழாய் வழியாக உணவு. 6, 9, 12, 3, 6, 9. சுவரில் ஒட்டியிருக்கிறேன். நான் கம்பெனியில் இருக்கும் வேளைகளில் ராஜாமணி அக்கா கொடுப்பார்.

குரல் வருகிறது, சொல் வரவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். இன்று முதலில் எழுதியது, 'சித்த உக்காருங்க.' நான் அப்போது உணவை அளந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் என்றேன். அளந்து முடித்துத் திரும்பியபோது சிலேட்டைத் துடைத்துவிட்டு, 'மின்விசிறி' என்று எழுதியிருந்தாள். குறைத்து வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினெட்டு நாளில் நூற்றெட்டு வேளை உணவு. ஒன்றுகூடப் பத்து நிமிடம் பிந்தவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவளால் சாப்பிட முடியாத வீட்டில் பலகாரம் எதையும் செய்யவில்லை. துளசி சிலேட்டில், 'ராஜாமணிக்குச் சேலை' என்று எழுதினாள். எழுத்து கோணலாகப் போகிறது. வலது கை விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன.

நவம்பர் 11, செவ்வாய்

சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் விழுந்தது. நானே பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். கடைசியில் அவளே தலையை ஆட்டி, போதும் என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூச்சுத் தசை பலவீனமாகிவிட்டது. நான் கேட்டேன், இயந்திரம் வைப்பது பற்றி இனிமேல்தான் அவளிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று.

டாக்டர் கோப்பைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்தார்.

"அவங்க ஜூலையிலயே எழுதிக் குடுத்துட்டாங்களே சார். தொண்டையில துளை வேண்டாம்னு தெளிவா இருக்காங்க. உங்க பொண்ணு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

துளசியின் கையெழுத்து. அன்றைக்கு நன்றாகவே எழுதியிருக்கிறாள். தேதி ஜூலை 24.

காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் ஒதுங்கினேன். அதை அவள் நான் இல்லாமலேயே முடித்திருக்கிறாள். ஜூலையிலேயே முடிந்துவிட்டது என்றால், அதற்குப் பிறகும் தினமும் ஏழு மணிக்கு எதற்குக் கூப்பிட்டாள்?

நவம்பர் 21, வெள்ளி

பிருந்தாவிடம் போனில் அதைக் கேட்டேன். எனக்கும் தெரியாது, அம்மா உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்றார்கள் என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வரைபடத் தாளில் எழுத்து அட்டை செய்திருக்கிறேன். மேலே மெய்யெழுத்துகள் மூன்று வரிசை, கீழே உயிரெழுத்துகள் இரண்டு வரிசை. நான் ஒவ்வொரு வரிசையாக விரல் வைப்பேன். அவள் வேண்டிய வரிசையில் கண்ணை மூட வேண்டும். பிறகு அந்த வரிசையில் எழுத்து எழுத்தாக. ஒரு முறை மூடினால் ஆமாம், இரு முறை மூடினால் இல்லை.

முதல் தடவை பழகிப் பார்த்ததில் 'பிருந்தா' என்று சொல்லப் பதினொரு நிமிடம் ஆயிற்று. இருவரும் களைத்துப்போனோம். ஆனால் அவள் கண் சிரித்தது.

நவம்பர் 24, திங்கள்

கம்பெனிக்குப் போய் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு வாரம் போதாதா என்றார். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது என்றேன். நோட்டில் இன்று பட்டியல் எழுதவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

காலை ஒன்பது மணி உணவு முடிந்ததும் ராஜாமணி அக்காவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு என்னிடம் பேச வேண்டும் என்றாயே, அது என்ன என்று கேட்டேன்.

அட்டையைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

ப. ய. மா. இதற்கே ஆறு நிமிடம். 'பயமா இருக்குது'ன்னு சொல்றியா என்று முந்திக்கொண்டு கேட்டேன். இரு முறை மூடினாள். இல்லை. இன்னும் இருக்கிறது.

கே. க். க. ல.

எழுதிய துண்டுக் காகிதத்தைப் பார்த்தேன். பயமா கேக்கல. முதலில் பொருள் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"உனக்குப் பயமா இருக்குதான்னு நான் கேக்கவே இல்ல. அதத்தான் சொல்றியா?"

கண்ணை மூடினாள். ஒரு முறை.

மார்ச்சிலிருந்து எல்லோரும் எத்தனையோ கேட்டிருக்கிறோம். வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, மாத்திரை போட்டாயா, தூங்கினாயா. டாக்டர் கேட்டார், பள்ளியிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். இதை யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"பயமா இருக்குதா துளசி?"

மூடினாள். திறக்கவில்லை. இரண்டு பக்கமும் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. அதனாலதான் ஓடிட்டே இருந்தேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அட்டை பக்கம் பார்வையைக் கொண்டுபோனாள். நான்கு எழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

தெ. ரி. யு. ம்.

பன்னிரண்டு மணி உணவு இன்று பன்னிரண்டே முக்காலுக்குத்தான் கொடுத்தேன்.

டிசம்பர் 6, சனி

இந்த வாரம் அவள் சொன்னவை: ஜன்னலைத் திறங்க. முடி வெட்டிக்கோங்க. ராஜாமணி அழுவுது, என்னன்னு கேளுங்க. பிருந்தாவக் கல்யாணத்துக்கு அவசரப்படுத்தாதீங்க.

கடைசி வாக்கியத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் ஆயிற்று. நடுவில் தூங்கி எழுந்து தொடர்ந்தாள். இப்போது நான் முந்திக்கொண்டு ஊகிப்பதில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பயமாக இருக்கிறது என்று அப்போதே ஏழு மணிக்கு என்னிடம் கத்தியிருக்கலாமே என்று கேட்டேன். 'கத்தினா நீங்க அழுவீங்க' என்றாள். அவ்வளவுதான். மதியத்து வெயில் அவள் காலில் விழுந்தது. இதமாக இருக்கிறதா என்றேன். ஆமாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பிருந்தா விடுமுறை எடுத்து வந்துவிட்டாள். இப்போது துளசிக்குக் கண்ணை மூடித் திறப்பதே சிரமம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு சொல்.

ஜனவரி 22, வியாழன்

மாலை ஐந்து மணி இருக்கும். அட்டையைப் பார்த்தாள். எடுத்தேன். 'நீங்க' என்று வந்தது. அடுத்து 'சா'. அதோடு கண் சொருகிவிட்டது. மெதுவாகச் சொல், நாளைக்குச் சொல்லலாம் என்றேன். தூங்கிவிட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரி.

ஜனவரி 25, ஞாயிறு

இயந்திரம் வேண்டாம் என்று டாக்டரிடம் நானே சொன்னேன். அவள் எழுதிக் கொடுத்ததுதான் என் வார்த்தையும் என்றேன். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். பிருந்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பகல் பன்னிரண்டு இருபதுக்குத் துளசி போய்விட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

காரியமெல்லாம் முடிந்து பிருந்தா இன்று காலை புனேக்குக் கிளம்பினாள். பிரிட்ஜில் மூன்று நாளைக்குக் குழம்பு வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள் என்றாள். இந்தப் பதினெட்டு நாளில் நான் யாராவது தட்டை நீட்டினால் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறேன், இல்லையென்றால் இல்லை. அவளுக்கு அது தெரியும்.

ரயில் ஏறும் முன் துளசியின் கடைசிச் சொல்லை எழுதிய துண்டுக் காகிதத்தை அவளிடம் காட்டினேன். நீங்க சா. இதைத்தான் கடைசியாகச் சொன்னாள், என்னவாக இருக்கும் என்றேன். ராஜாமணி அக்கா 'சாயங்காலம்' என்று எதையோ சொல்ல வந்திருப்பாள் என்கிறார். எனக்கு மட்டும் வேறு ஒரு சொல் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

பிருந்தா யோசிக்கவே இல்லை.

"சாப்டீங்களான்னுதானுங்ப்பா இருக்கும். அம்மா வேற என்ன கேப்பாங்க?"

வீடு திரும்பியபோது பதினொன்றரை. கதவைத் திறந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அரிசி களைந்து வைத்தேன். குழம்பைச் சூடு பண்ணினேன். அப்பளம் ஒன்று பொரித்தேன். தட்டு வைத்து, தண்ணீர் எடுத்து வைத்து, மேஜையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மீதமில்லாமல் சாப்பிட்டேன்.